நாங்கள் பார்க்காத வெயிலா

அமெரிக்காவில் வாழும் தமிழனுக்கு ஊர் மாறும் ஆசை பிப்ரவரியில்தான் வரும். நியூ ஜெர்ஸியில், எடிசனில் இருக்கிற எங்களுக்கும் அப்படித்தான். வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கும். அள்ளிப் போடாவிட்டால் யாராவது வழுக்கி விழுந்து நம் மேல் கேஸ் போடுவார்கள். அள்ளிப் போட்டால் நம் இடுப்பு போய்விடும். இரண்டில் எது செலவு கம்மி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, ஃபீனிக்ஸிலிருந்து சகலை வீடியோ காலில் வருவான். பனியன், அரைக்கால் சட்டை, பின்னணியில் நீச்சல் குளம். "என்ன சகலை, அங்க குளிருதா?" என்பான். தெரியாதவன் மாதிரி கேட்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

அவன் ஃபீனிக்ஸை விற்கும் அழகே தனி. 1950ல் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் இருந்த ஊர், 2020 கணக்கெடுப்பில் 16 லட்சத்தைத் தாண்டி, ஃபிலடெல்ஃபியாவைப் பின்னுக்குத் தள்ளி, நாட்டின் ஐந்தாவது பெரிய நகரமாகிவிட்டது. அவன் குடியிருக்கும் சாண்ட்லரில் இன்டெல். வடக்குப் பக்கம் சிப் செய்யும் டிஎஸ்எம்சி. தைவான்காரர்கள் மட்டும் 165 பில்லியன் டாலர் கொட்டப்போவதாக 2025ல் அறிவித்திருக்கிறார்கள். மாநில வருமான வரி எல்லோருக்கும் ஒரே 2.5 சதவீதம். "உங்க ஊர்ல வீட்டு வரியே வருசத்துக்கு சராசரி பத்தாயிரம் டாலராமே?" என்று கடைசியில் ஒரு குத்து. வெயிலைப் பற்றி நாம் வாயைத் திறப்பதற்குள் அவனே முந்திக்கொள்வான்: "வெயில்தான். இல்லேங்கல. ஆனா காஞ்ச வெயில். கசகசப்பே கிடையாது." ஃபீனிக்ஸ்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் இதைச் சொல்கிறார்கள். குடியேறும்போதே எழுதி வாங்கிக்கொண்டுதான் ஊருக்குள் விடுகிறார்களோ என்னவோ. சென்னையில் வேகலாம், அங்கே வறுபடலாம். வேகாமல் வறுபடுவதில் என்ன பெருமை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வெயில் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் வேலூர்க்காரன். வானிலைச் செய்தியில் எங்கள் ஊர்ப் பெயர் அடிபடுவதே வெயிலுக்காகத்தான். கத்திரியில் வேலூர் 43, 44 என்று வாசிக்கும்போது மற்ற ஊர்க்காரர்கள் உச்சுக் கொட்டுவார்கள்; எங்களுக்கு உள்ளூர ஒரு திமிர் ஏறும். திருத்தணி எங்களைவிட அரை டிகிரி கூடுதலாக வாங்கிவிட்டால் அன்றைக்கு டீக்கடையில் எல்லார் முகமும் தொங்கிப்போகும். ஆறும் அப்படித்தான். பாலாறு என்பது சின்ன வயதில் எனக்குக் கிரிக்கெட் மைதானம். ஃபீனிக்ஸ் பக்கமும் சால்ட் ரிவர் என்று ஒரு ஆறு பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கிறது. மேலே அணை கட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். பக்கத்து ஊரான டெம்பியில் மட்டும் அதன் குறுக்கே தடுப்பு வைத்து, தண்ணீரை நிரப்பி, ஏரி என்று பெயர் சூட்டிப் படகு விடுகிறார்கள். முதலில் வைத்தது காற்றடித்த ரப்பர் தடுப்பு. 2010ல் அதில் ஒரு பகுதி வெடித்து, ஒரே ராத்திரியில் ஏரி கிளம்பிப் போய்விட்டது. இதைக் கேட்டதும் எனக்குச் சொந்த ஊர்ப் பாசமே வந்துவிட்டது.

எண்ணிக்கையில்தான் எங்கள் கத்திரி அடிபட்டுப்போகிறது. முன்னேழு பின்னேழு எல்லாம் சேர்த்தாலும் அது நாற்பது நாளைத் தாண்டாது. ஃபீனிக்ஸில் 2024ல் 113 நாள் தொடர்ச்சியாக 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உச்ச வெப்பம் இறங்கவே இல்லை. அதற்கு முந்தைய வருடம் 31 நாள் தொடர்ந்து 110, அதாவது நம் கணக்கில் 43க்கு மேல். அந்த ஜூலையில் ஒரு நாள் விடியற்காலைக் குளிர்ச்சியே 97 ஃபாரன்ஹீட். வேலூரில் சூரியன் இறங்கினால் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரிப்போம். ராத்திரியே 36 டிகிரி என்றால் பாயை எங்கே விரிப்பது?

சிரிப்பை ஒரு நிமிடம் ஓரமாக வைத்துவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். அந்த 2023ல் ஃபீனிக்ஸ் அடங்கிய மரிக்கோப்பா கவுண்டியில் வெயில் தொடர்பாகச் செத்தவர்கள் 645 பேர். வீடில்லாதவர்கள், ஏசி ஓடாத வீட்டுக்குள் கிடந்த வயசாளிகள் என்று பெரும்பாலும் கதியில்லாத ஜனம். போகலாமா வேண்டாமா என்று சோபாவில் உட்கார்ந்து பேசுவதே ஏசி இருக்கிறவனின் சொகுசு.

சகலையிடம் ஒரு சாமர்த்தியம் உண்டு. விருந்தாளிகளை நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் கூப்பிடுவான். அந்த மாதங்களில் ஃபீனிக்ஸ் சொர்க்கம். கனடாவிலிருந்துகூடக் கிழவன் கிழவிகள் வந்து தங்கி கோல்ஃப் ஆடுகிறார்கள். நான் விடவில்லை. பெண் பார்க்கப் போனால் அலங்காரம் இல்லாமல் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்களே என்றேன். எந்தப் பெரியவர் சொன்னார் என்று மனைவி கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை என்றாலும், போன ஜூலையில் போனோம்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வரும்போது ராத்திரி பத்து மணி, 41 டிகிரி. "பரவால்ல, இன்னைக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றான் சகலை. காலையில் பல் விளக்கக் குழாயைத் திறந்தால் வெந்நீர். வெந்நீர்க் குழாயைத் திறந்தேன், அதில் பச்சைத் தண்ணீர். தவறிப்போய் மாற்றி மாட்டிவிட்டார்கள் போல என்று சொன்னேன். "ஜூலையில ஹீட்டரை அணைச்சிடுவோம் சகலை. சுடுதண்ணி பைப்புலயே வந்துடும். ஹீட்டர் தொட்டி வீட்டுக்குள்ள இருக்கறதால பச்சத்தண்ணி வேணும்னா அதுல இருந்து எடுத்துக்கணும்" என்று நிதானமாக விளக்கினான். வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீரும் பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீரும் வரும் வீட்டில், மனிதர்கள் மட்டும் சரியாக இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கடைக்குப் போனோம். வாசலை ஒட்டி வரிசையாகக் காலி இடம். சகலை அதையெல்லாம் தாண்டிக்கொண்டே போனான். வளாகத்தின் கடைக்கோடியில் ஒரு குட்டி மரம், அதன் நிழல் ஒரு காரின் முன்கண்ணாடிக்கு மட்டும் பத்தும். அங்கே ஏற்கனவே ஒருவர் நிறுத்தியிருக்க, இவன் முகத்தில் நிலத் தகராறில் தோற்றவனின் களை. திரும்பி வந்து சீட் பெல்ட்டின் உலோக முனையைத் தொட்ட என் மகள் போட்ட சத்தத்தில், இந்த ஊரில் ஏன் ஸ்டியரிங்குக்குக் கையுறை விற்கிறார்கள் என்பது புரிந்தது. காலை நடை நாலரை மணிக்கு. உச்சி வெயில் நாட்களில் கேமல்பேக் மலைப் பாதையைப் பகலில் நகராட்சியே மூடிவிடுகிறது. மூடாவிட்டால் எங்களைப் போன்ற வேலூர்க்காரர்கள் ஏறி, ஹெலிகாப்டரில் இறங்குவோம் என்ற அனுபவம்தான்.

எனக்கு நேர்ந்த சோதனை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மச்சினி அன்று விடிகாலையில் ஜவ்வரிசிக் கூழ் காய்ச்சி, கொல்லைப்புறத்தில் வேட்டி விரித்து வடாம் ஊற்றியிருந்தாள். மத்தியானம் சாப்பாட்டுக்குள் காய்ந்து, தானாக ஓரம் தூக்கிக்கொண்டு, கையால் தொட்டாலே கழன்று வந்தது. எடிசனில் என் மனைவி வடாம் காயவைப்பது ஜன்னலோரத்தில், ஃபேனுக்குக் கீழே, மூன்று நாள், பூசணம் பிடிக்காமலிருக்க வேண்டுதலோடு. அவள் அந்த வடாமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பார்வையிலேயே எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. போதாக்குறைக்குச் சுவரோரம் தோள் உயரத்துக்கு ஒரு கறிவேப்பிலைச் செடி, வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கும் முருங்கை. எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை நவம்பரில் ஹாலுக்குள் வந்து, தனி விளக்குப் போட்டுக்கொண்டு, மே மாதம் வரை ஐசியூவில் இருக்கும். அதையும் கூடவே கொண்டுபோகலாம் என்றால் முடியாது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி தொற்றி வந்துவிடும் என்று அந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு அரிசோனாவில் கடும் கட்டுப்பாடு. கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தான்.

மச்சினி உற்சாகத்தில் மறுநாள் இரண்டாவது தடவை ஊற்றினாள். சாயங்காலம் தொலைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. தெற்கே பார்த்தால் அடிவானத்திலிருந்து வானம் வரை பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் எழும்பி வருகிறது. ஹபூப் என்கிறார்கள், புழுதிப் புயல். வேட்டியின் நான்கு முனையை நான்கு பேர் பிடித்துக்கொண்டு ஓடினோம். சுவர் எங்களைவிட வேகமாக ஓடியது. அந்த வடாமைப் பொரித்தபோது வாசனையெல்லாம் பிரமாதம், கடித்தால்தான் நறநற. "இது மான்சூன் சீசன்ல" என்று சகலை சமாதானம் சொன்னான். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை அவர்களுக்கு மான்சூனாம். வருடம் முழுவதும் பெய்வது சுமார் ஏழு அங்குலம். சென்னையில் ஒரு டிசம்பர் நாள் மனசு வைத்தால் பெய்துவிட்டுப் போகும். ஆனால் அந்த ஏழு அங்குலத்துக்கே ஓடைகளில் வெள்ளம் வந்து, தடுப்பை மீறி வண்டியை உள்ளே விட்டு மாட்டிக்கொள்கிறவரிடம் மீட்புச் செலவை வசூலிக்க 1995லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்'. இதை மட்டும் தமிழ்நாட்டுக்கு இறக்குமதி செய்யலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

ராத்திரி சகலை ஊதா விளக்கு டார்ச்சோடு மதில் சுவரைச் சுற்றி வந்தான். தேள்கள் அந்த வெளிச்சத்தில் பச்சையாக மின்னுகின்றன. என் மகளுக்கு ஒரே குஷி. நான் செருப்பை உதறிப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை முப்பது வருடம் கழித்து மீட்டெடுத்தேன்.

இந்த பிப்ரவரியில் சகலையின் வீடியோ காலோடு மனைவிக்கு ஒரு வேலையும் வந்தது. சிப் தொழிற்சாலை, நல்ல சம்பளம். காட்பாடியில் இருக்கும் மாமனாரிடம் சொன்னோம். சம்பளம் எவ்வளவு என்று கேட்பார் என்று பார்த்தால், "தண்ணிக்கு என்ன வழி மாப்ள?" என்றார். கொலராடோ ஆற்றிலிருந்து 336 மைல் கால்வாய் போட்டு, மேட்டில் பம்ப் வைத்து ஏற்றிக்கொண்டு வருகிறார்கள் என்றேன். ஏழு மாநிலங்கள் 1922ல் ஒப்பந்தம் போட்டுப் பங்கு பிரித்தார்கள். அப்போது நல்ல மழைக் காலமாகப் பார்த்துக் கணக்கெடுத்ததால், ஆற்றில் ஓடுவதைவிடப் பங்கு அதிகமாகிவிட்டது என்றும் சொன்னேன். காவிரிக்கு 1924 ஒப்பந்தம் என்பதை அவர் உடனே எடுத்துவிட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அங்க கர்நாடகா யாரு?"

கலிஃபோர்னியா என்றேன். ஆனால் அது மேலே இல்லை மாமா, பக்கத்தில் இருக்கிறது. தட்டுப்பாடு வந்தால் கலிஃபோர்னியாவுக்கு முன்னால் எங்கள் கால்வாயில்தான் கை வைப்பார்கள் என்று 1968லேயே சட்டம். "அதுக்கு எவன் ஒத்துக்கிட்டான்?" அரிசோனாவேதான், கால்வாய் கிடைத்தால் போதும் என்று. 2021ல் முதல் தடவையாகத் தட்டுப்பாட்டை அறிவித்து, மறு வருடமே அரிசோனாவின் பங்கை வெட்டியும் விட்டார்கள். மாமனார் வெகுநேரம் பேசவில்லை. அவரைத் தேற்ற, அங்கே புது மனைப்பிரிவு போட வேண்டுமானால் நூறு வருடத்துக்குத் தண்ணீர் உண்டு என்று நிரூபிக்க வேண்டும், 1980 சட்டம், 2023ல் நிலத்தடி நீரை மட்டும் நம்பிப் போடும் புதுப் பிரிவுகளுக்கு ஆளுநரே கட்டுப்பாடு போட்டார் என்றேன். "நூறு வருசமா? நம்ம ஊர்ல நாளைக்கு லாரி வருமான்னே எழுதித் தர ஆளில்ல" என்றார். பாதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

மீதி பாதியைக் கெடுத்தது நான்தான், அந்த ஊரின் ஆதி கதையைச் சொல்லி. ஹோஹோகம் என்ற பூர்வகுடிகள் அங்கே நூற்றுக்கணக்கான மைல் வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்தார்கள். சுமார் 1450வாக்கில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வறட்சியா, வெள்ளமா, மண்ணில் உப்பு ஏறியதா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1867ல் ஜாக் ஸ்வில்லிங் என்பவர் வந்து அந்த வாய்க்கால்களைத் தூர்வாரித் தண்ணீர் விட்டார். கூட இருந்த டாரல் டுப்பா, அழிந்த நகரத்தின் மேல் புதிது எழுகிறது என்று ஃபீனிக்ஸ் பறவையின் பெயரை வைத்தார். மாமியார் இதுவரை பேச்சில் சேராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "முன்ன குடியிருந்தவங்க ஏன் காலி பண்ணாங்கன்னு தெரியாம அட்வான்ஸ் குடுப்பீங்களா மாப்பிள்ளை?" என்றார்.

ஒரு வாரம் பேச்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடியது. மகள் ஓட்டு தேளுக்கு. அரிசோனா கோடையில் கடிகாரத்தைத் திருப்பாத மாநிலம். இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல் வெயிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று 1968லேயே முடிவெடுத்துவிட்டார்கள். வெயிலில் காய்ந்தும் மூளை காயாத ஆட்கள்தான் போலிருக்கிறது என்று எனக்கும் மரியாதை வந்துவிட்டது. மனைவி வாதாடவே இல்லை; சாப்பாட்டுக்குத் தினமும் மச்சினி கட்டிக் கொடுத்த வடாமை, முதல் நாள் ஊற்றியதை, பொரித்துப் போட்டாள்.

வேலையில் சேர வேண்டிய தேதி ஜூன் 15. சம்மதம், ஆனால் அக்டோபரில் சேரலாமா என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். மகள் படிப்பு, வீடு மாற்றம் என்று கௌரவமான காரணங்களையும் நானே அடுக்கிக் கொடுத்தேன். வெயில் என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. புதிதாகச் சேரும் எல்லோருமே அக்டோபர்தான் கேட்கிறார்கள், அக்டோபர் நிரம்பிவிட்டது, வேண்டுமானால் ஆகஸ்ட் தரலாம்.

"ஏங்க, ஜூன்னே எழுதிடட்டுமா?" என்றாள் மனைவி. எழுதியும்விட்டாள்.