நேரு பிளேஸ் (வழி: சிதம்பரம்)

தீபாவளி மலருக்கு ஒரு நகைச்சுவைக் கட்டுரை தருகிறேன் என்று ஆசிரியரிடம் வாக்குக் கொடுத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. கெடு மறுநாள். 2024 ஆகஸ்டில் ஒரு ராத்திரி, மயூர் விஹார் வீட்டில், ஒருவழியாக உட்கார்ந்து தலைப்பைத் தட்டினேன். அதற்கு அடிக்கோடு போட்டேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். இவ்வளவு உழைத்தாயிற்றே, ஒரு வாய் காப்பி குடிக்கலாம் என்று டம்ளரை எடுத்தேன். திரை கறுத்தது.

அணைவது வேறு, கறுப்பது வேறு. அணைந்தால் மின்சாரத்தைத் திட்டிவிட்டுப் படுக்கப் போகலாம். இங்கே மின்விசிறி சுற்றுகிறது, டியூப்லைட் எரிகிறது, மேஜைக்கு அடியில் சிபியூ பெட்டி வழக்கம்போல மாவுமில் மாதிரி இரைகிறது. மானிட்டருக்கு மட்டும் அமாவாசை.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

"கம்ப்யூட்டர் போச்சு. கட்டுரையும் போச்சு."

"ஐயையோ. எவ்வளவு எழுதியிருந்தீங்க?"

"பாதி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்கும் கறுப்புத் திரைக்கும் இது முதல் சந்திப்பு இல்லை. 2012 ஜூலை 30, அதிகாலை 2.33. அப்போதும் ஒரு கட்டுரை, அப்போதும் ஒரு கெடு. என்டர் பொத்தானைத் தட்டினேன். திரை கறுத்தது, விசிறி நின்றது, தெருவிளக்கு போனது, நாய்கள் குரைத்தன. பொத்தானைக் கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். விடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. குவாலியர்-பீனா 400 கிலோவோல்ட் தடத்தில் ஆரம்பித்த கோளாறில், பஞ்சாபிலிருந்து உத்தரப் பிரதேசம் வரை வடக்குத் தொகுப்பு முழுவதும் படுத்துவிட்டது. 30 கோடிப் பேருக்கு மேல் இருட்டில். மறுநாள் பகல் ஒரு மணிக்கு இன்னும் பெரிதாக ஒரு வீழ்ச்சி: வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து, 60 கோடியைத் தாண்டியது கணக்கு. மெட்ரோ ரயில்கள் சுரங்கத்திலேயே நின்றன. அன்றைக்கே மின்துறை அமைச்சர் சுஷீல் குமார் ஷிண்டே உள்துறைக்கு அமைச்சரானார். என் மானிட்டர் போனால் எனக்கு அப்படி யாரும் எதுவும் தருவதில்லை.

உலக வரலாற்றில் இதைவிடப் பெரிய சாக்கு எந்த எழுத்தாளனுக்கும் கிடைத்திருக்காது. பெருமிதத்தோடு கோயம்புத்தூரில் இருந்த ஆசிரியரைக் கூப்பிட்டேன். தெற்குத் தொகுப்பு அப்போது தனிக்குடித்தனம். வடக்கோடு முழுதாக இணைந்தது 2013 கடைசியில்தான். அதனால் அங்கே இதன் பாதிப்பு இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் அந்த வருஷம் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது நினைவிருக்கும். "உங்களுக்கு ரெண்டு நாளா கரண்ட் இல்லையா? எங்களுக்கு வருஷம் பூரா இல்லீங்க. நாங்க பத்திரிகை கொண்டுவரலையா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

ஆகவே, இந்தமுறை சாக்கு சொல்வதற்கு முன்னால் ஆதாரம் சேர்க்க வேண்டியிருந்தது. பெங்களூரில் கணினி வேலையில் இருக்கும் மகனைக் கூப்பிட்டேன்.

"அணைச்சுட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தீங்களாப்பா?"

"இதைச் சொல்லத்தான் உனக்கு லட்ச ரூபாய் சம்பளமா?"

"சிரிக்காதீங்க. போன மாசம் என்ன நடந்தது?"

நடந்தது உண்மைதான். ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு கோளாறான கோப்பால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. எங்கள் தில்லி விமான நிலையத்தில் எந்த விமானம் எந்த வாசல் என்று வெள்ளைப் பலகையில் கையால் எழுதி வைத்தார்கள். அன்றைக்கு மைக்ரோசாஃப்ட் தன் வாடிக்கையாளர்கள் சிலருக்குச் சொன்ன வைத்தியம்: அணைத்துத் திரும்பப் போடுங்கள்; பதினைந்து தடவை வரை தேவைப்படலாம். பதினைந்து! மாரியம்மன் கோயில் வேப்பமரத்தைக்கூட அத்தனை சுற்றுச் சுற்றச் சொல்ல மாட்டார்கள்.

நீலத் திரையிலாவது நாலு வரி எழுதியிருக்கும். புரியாது, ஆனாலும் யாரோ பேசுகிறார்கள் என்று ஓர் ஆறுதல். கறுப்புத் திரை மௌனச் சாமியார். நாமே பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பறிய வேண்டும்.

"வீடியோ கால்ல வாங்கப்பா, திரையைக் காட்டுங்க" என்றான் மகன். காட்டினேன்.

"ஒண்ணுமே தெரியலையே."

"எனக்கும் அதான்டா பிரச்னை."

அடுத்து டார்ச் வைத்தியம். எல்சிடி திரை தானாக ஒளி விடாது. பின்னால் இருக்கும் விளக்குதான் படத்தைக் காட்டுகிறது. அந்த விளக்கு மட்டும் செத்திருந்தால் படம் இருட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் லேசாகத் தெரியும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை இடமும் வலமுமாக, மேலும் கீழுமாகக் காட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்று பார்த்த மனைவி, "மணியும் அடிச்சிடவா?" என்றாள்.

மணி ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது. திரும்பப் போடும்போதெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு 'பீ...ப்', ஓர் இடைவெளி, இன்னொரு 'பீ...ப்'. இத்தனை நாளும் அதை நான் முனகல் என்று நினைத்திருந்தேன். அது சங்கேதமாம். திரையில் எழுத வழியில்லாதபோது தாய்ப்பலகை கூவிச் சொல்லும். எத்தனை கூவலுக்கு என்ன அர்த்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். "இது மெமரி மாதிரிதான்பா இருக்கு. ரேமைக் கழற்றித் துடைச்சு மாட்டினால் வந்துடும். ஆமா, எவ்வளவு எழுதியிருந்தீங்க?"

"முக்கால்வாசி முடிஞ்சிருந்ததுடா" என்றேன், குரல் தழுதழுக்க.

மாடிவீட்டு பஞ்சாபி அங்கிளிடம் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். தில்லியில் நாற்பது வருஷம் குப்பை கொட்டியும் என் ஹிந்தி இன்னும் கும்பகோணத்தைத் தாண்டவில்லை. ரேம் என்பது என் வாயில் ராம் ஆகிவிடும். போய்க் கதவைத் தட்டி, "ராம் கோ நிகால்னா படேகா" என்றேன். ராமை அகற்றியாக வேண்டும். இந்த ஊரில், அதிலும் ஒரு தமிழன், இன்னொருவர் வீட்டு வாசலில் நின்று சொல்லக்கூடிய வாக்கியம் இல்லை இது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரின் படத்தைக் காற்றில் வரைந்து காட்டிப் புரியவைத்தேன். சிரித்துக்கொண்டே கீழே வந்தார். ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவரவில்லை. பழைய டிவிக் காலத்து மனிதர். மானிட்டரின் தலையில் இரண்டு தட்டு, சிபியூவின் விலாவில் ஒரு தட்டு, "ஹோ ஜாயேகா" என்று ஓர் ஆசீர்வாதம், மேலே போய்விட்டார். தில்லியில் எந்தக் கேள்விக்கும் பதில் இந்த ஹோ ஜாயேகாதான். ஆகிவிடும். யாரால், எப்போது என்பதெல்லாம் அதில் வராது.

மூன்றாம் நாள் நேரு பிளேஸ் போவது என்று முடிவானது. "நானும் வரேன், பிளவுஸ் துணி பார்க்கணும்" என்றாள் மனைவி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நேரு பிளேஸ் என்றால் கம்ப்யூட்டர் சந்தை என்றுதான் உலகத்துக்குத் தெரியும், துணிக்கடைகளும் அங்கே வரிசையாக உண்டு. தில்லி தம்பதிகளை மனத்தில் வைத்துக் கட்டிய இடம்.

பெட்டியைப் பொன்னி அரிசிப் பையில் இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு மெட்ரோ நிலையத்துக்குப் போனேன். பாதுகாப்புச் சோதனையில் பை எக்ஸ்ரே எந்திரத்துக்குள் போனது. பட்டை நின்றது. துப்பாக்கியோடு இருந்த ஜவான் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அரிசிப் பையைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மூன்று நாளாக எதையுமே காட்டாத என் கம்ப்யூட்டர், அவருடைய திரையில் நரம்பு, எலும்பு, குடல் என்று சகலத்தையும் ஆரஞ்சும் நீலமுமாகக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "எங்கேயாவது ஏதாவது கழன்றிருக்கா பாருங்க" என்று கேட்கலாமா என்று தோன்றியது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்ததால் கேட்கவில்லை.

பிங்க் லைனில் லாஜ்பத் நகர், அங்கே வயலட் லைனுக்கு மாறினால் மூன்றாவது நிலையம் நேரு பிளேஸ். தில்லி வளர்ச்சி ஆணையம் 1970களில் அலுவலக வளாகமாகக் கட்டியது. நடுவில் பெரிய கல் பாவிய முற்றம், சுற்றிலும் மேக்தூத், ஹேம்குண்ட் என்று காவியமும் புண்ணியத் தலமுமாகப் பெயர் வைத்த கட்டடங்கள். காளிதாசனின் மேகம் தூது போன காலம் போய், அந்தப் பக்கம் இப்போது டோனர் நிரப்புகிறார்கள். திருட்டு சாஃப்ட்வேர் சிடிக்குப் பேர்போன காலமும் இதற்கு உண்டு. அமெரிக்க அரசின் வணிகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிடும் உலகக் கள்ளச் சந்தைப் பட்டியலில் இடம்பிடித்த பெருமையும் உண்டு. அந்தக் காலத்து நண்பர் ஒருவருக்கும் கறுப்புத் திரை வந்தது. 2008 இறுதியில் மைக்ரோசாஃப்ட், திருட்டு எக்ஸ்பி வைத்திருந்தவர்களின் முகப்புப் படத்தை மணிக்கொரு தரம் கறுப்பாக்கியது. நண்பர் மணிக்கொரு தரம் பிள்ளையார் படத்தைத் திரும்ப வைப்பார். அடுத்த மணிக்குப் பிள்ளையார் காணாமல் போவார். இப்படி ஒரு மாதம் தவறாமல் செய்தார். காசு கொடுத்து ஒன்று வாங்கலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

மெட்ரோவை விட்டு இறங்கிப் பத்தடி போவதற்குள் "லேப்டாப் ரிப்பேர், சார்! டோனர், சார்!" என்று நாலு பேர் அரிசிப் பையைப் பிடித்தார்கள். மனைவி துணிக்கடைப் பக்கம் பிரிந்தாள். நான் ஒரு கட்டடத்தின் மாடிப்படித் திருப்பத்தில், ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு ப்ளோயர் இவற்றையே கடையாக வைத்திருந்த பையனிடம் பெட்டியை இறக்கினேன்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளே சாம்பல் நிறத்தில் கம்பளி. நெய்தது அல்ல, படிந்தது. அந்த மே மாதம், தில்லியின் முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று கருவி காட்டி, பிறகு கருவியே மூன்று டிகிரி கூட்டிச் சொல்லிவிட்டது என்று வானிலைத் துறை அறிவித்ததே, அந்தக் கோடையின் புயற்காற்றுப் புழுதி முழுவதும் உள்ளே குடியிருந்தது. மேலே ஆகஸ்டின் ஈரம். பையன் ப்ளோயரை இயக்கினான். நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை.

புழுதி அடங்கியதும் ரேமைப் பிடுங்கினான். நீளமான பச்சைப் பட்டை. விளிம்பில் சீப்புப் பல் மாதிரி மங்கலாக ஒரு வரிசை. சட்டைப் பையிலிருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே, நடராஜ் ரப்பர், அதை எடுத்தான். அந்த விளிம்பை, பரீட்சையில் தப்பாக எழுதிய விடையை அழிப்பதுபோல, ஒரே திசையில், அவசரப்படாமல் தேய்த்தான். ரப்பர் துருவல் கறுப்பாக உதிர்ந்தது. அடியிலிருந்து பளிச்சென்று மஞ்சள்.

"சோனா" என்றான். தங்கம்தான். நிஜத் தங்கம், முலாமாக; சீக்கிரம் கறுக்காது என்பதற்காகப் பூசுகிறார்கள். ஆனாலும் அதன்மேல் அழுக்கும் ஈரமும் படிந்தால் தொடர்பு அறும்; தொடர்பு அறுந்தால் தாய்ப்பலகை கூவும்; திரை கறுக்கும்.

நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரன். சின்ன வயதில் அப்பா சிதம்பரம் கூட்டிப்போய் ரகசியம் காட்டியிருக்கிறார். நடராஜருக்குப் பக்கத்தில் ஒரு வாசல், அதில் கறுப்புத் திரை. தீட்சிதர் அதை விலக்குவார். உள்ளே உருவம் எதுவும் இருக்காது. வெறும் சுவரில் தங்க வில்வ மாலை தொங்கும். அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, பசி வேறு. அறுபது வயதுக்கு மேல், நேரு பிளேஸ் மாடிப்படியில், நடராஜ் ரப்பரால் கறுப்பைத் தேய்க்கத் தேய்க்கத் தங்கம் வந்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. அழித்தலும் அவன், மறைத்தலும் அவன், அருளலும் அவன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பையன் கொசு என்று நினைத்து விசிறியைத் திருப்பிவிட்டான்.

ரேமை அழுத்தினான். 'டக்'. அவனுடைய பழைய மானிட்டரில் ஒயரை மாட்டினான். ஒரே ஒரு சின்னக் கூவல். திரை வந்தது.

"அந்தக் கட்டுரை ஜாக்கிரதை, தம்பி. முழுப் புத்தகம் உள்ளே இருக்கு" என்றேன்.

"முன்னூறு ரூபாய், சார்" என்றான். புத்தகம் என்றதால் கூட்டினானா குறைத்தானா தெரியவில்லை. கீழே மனைவி இரண்டாயிரத்து நானூறுக்குத் துணி வாங்கிக்கொண்டு நின்றாள். ஆக ரிப்பேர்ச் செலவு இரண்டாயிரத்து எழுநூறு.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டினேன். அதற்குள் மாடிவீட்டு அங்கிள், தன் இரண்டு தட்டுகளின் பலனைப் பார்க்க வந்துவிட்டார். மகன் வீடியோ காலில். மனைவி காப்பியோடு பின்னால். பொத்தானை அழுத்தினேன். கூவல், சின்னம், முகப்பு, எல்லாம் வரிசையாக வந்தன. எழுதும் செயலியைத் திறந்தேன். கடைசியாகத் திறந்திருந்த கோப்பை மீட்டுத் தரவா என்று அதுவே கேட்டது. வேண்டாம் என்ற பொத்தானை நோக்கி என் விரல் போவதற்குள் மகன், "சரின்னு கொடுங்கப்பா!" என்று கத்தினான்.

வந்தது. நடுவில், பெரிய எழுத்தில், அடிக்கோடோடு தலைப்பு. அதன் கீழே வெள்ளை வெளேரென்று முழுப் பக்கம். ஒரு சின்னக் கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

யாரும் பேசவில்லை. அங்கிளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. "பகுத் படியா", ரொம்பப் பிரமாதம், என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மகன் நெட்வொர்க் சரியில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது தெரிந்தது.

மனைவி காப்பி டம்ளரை மேஜைமேல் வைத்தாள். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங்க, எதுவும் போயிடலையே?"

"இல்லை" என்றேன். "ஓர் எழுத்துகூடப் போகலை."