காயம் எந்தக் கட்சி?

கேள்வி: தோட்டத்தில் இருந்தபோது எல்லாருக்கும் ஒரே கோவில், ஒரே பூசை. தாமானுக்கு வந்த பிறகு ஆளுக்கொரு கட்சி, இனத்துக்கொரு வாட்ஸ்அப் குழு. இதில் கிறிஸ்தவனாக வாழ்வது எப்படி ஐயா?
— முன்னாள் தோட்டத்துவாசி, சுங்கை சிப்புட்

பதில்: பூசையில் பக்கத்திலிருப்பவருக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்கிறோம். வாசலுக்கு வந்ததும் அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம். சிக்கல் அங்கேதான்!

உங்கள் பேராவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. யுரேசியரான சிபில் கார்த்திகேசு, தமிழரான தம் கணவர் டாக்டர் கார்த்திகேசுவோடு ஈப்போவில் மருத்துவ நிலையம் நடத்தியவர், ஆழ்ந்த கத்தோலிக்கர். ஜப்பான்காரன் காலத்தில் பாப்பானுக்குக் குடிபெயர்ந்து, காட்டிலிருந்து இரவில் வந்த கெரில்லாக்களுக்கு ரகசியமாக மருத்துவம் பார்த்தார். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், கம்யூனிஸ்டுகள். கடவுளே இல்லை என்றவனுக்கும் கட்டுப்போட்டார். கொடியின் நிறத்தைக் கேட்கவில்லை. 1943இல் பிடிபட்டார். சித்திரவதையிலும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. வீரத்துக்காக ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது.

1948 ஜூனில் அவர் பிரிட்டனில் காலமானார். அதே மாதம் உங்கள் சுங்கை சிப்புட்டில் தோட்ட மேலாளர்கள் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. நேற்றைய போராளி இன்றைய பயங்கரவாதி ஆனான். அரசியல் அப்படித்தான், வாரத்துக்கொரு சட்டை மாற்றும். காயம் மட்டும் கட்சி மாறாது.

நீங்கள் கெரில்லாவைத் தேடிப் போக வேண்டாம். எதிர்க்கட்சிக்காரர் வீட்டில் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு போங்கள். வாட்ஸ்அப்பில் ‘ஃபார்வர்டு’ செய்ய முடியாத பொருள் அது!