ஜூஜுவாடிக்கு இப்பால் ரன், அப்பால் கலர்: சீட்டுத் தரவரிசை பற்றி ஓர் எல்லைப்புற ஆய்வு

கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் நடக்கும் சீட்டைத் தமிழாய்வு இதுவரை தீண்டவில்லை. சொற்குழப்பம் காரணமாக இருக்கலாம். உட்காருவதும் சீட்டு, கலைத்துப் போடுவதும் சீட்டு, மாதாமாதம் கட்டுவதும் சீட்டு, வேலையை விட்டு அனுப்பும்போது கிழிப்பதும் சீட்டு. ஓசூர் சிப்காட்டில் இந்நான்கும் வழக்கில் உண்டு. ஈண்டு எடுத்துக்கொண்டது இரண்டாவது. கைப்பணத்தைப் போக்குவதால் ‘போக்கர்’ தமிழ்ச்சொல்லே என்று நிறுவ வேர்ச்சொல் அறிஞர் ஒருவர் எந்நேரமும் கிளம்பலாம். அப்படியானால் ரம்மிக்கும் அதே பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும் என்பதோடு அவரை வழியனுப்பி வைப்போம். நமது கருதுகோள் வேறு: மாநில எல்லையிலுள்ள ஜூஜுவாடி சோதனைச்சாவடிக்கு இப்பால் மூணு சீட்டில் கலரை (எல்லாம் ஒரே இனம்) அடிக்கும் ரன் (அடுத்தடுத்த சீட்டுகளின் வரிசை), அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூர்ப் போக்கர் மேசைக்குப் போனதும் அதே கலரிடம் அடிவாங்குகிறது.

இதற்குப் பெர்மிட்டோ வரியோ காரணமன்று, கணக்கே காரணம். அரிதாக வருவது பெரிது என்பதே தரவரிசையின் ஒரே இலக்கணம். 52 சீட்டில் ஐந்தை 25,98,960 விதமாக எடுக்கலாம். ராயல் ஃப்ளஷ் அதில் நான்கே நான்கு. அடுத்து வரிசையும் கலரும் சேர்ந்தது 36, நான்கும் ஒன்றானது 624, மூன்றும் ஜோடியும் கூடிய ஃபுல் ஹவுஸ் 3,744, கலர் 5,108, ரன் 10,200, மூன்று ஒன்றானது 54,912. இரட்டை ஜோடி, ஒற்றை ஜோடி பற்றிச் சொல்ல ஏதுமில்லை. எதுவும் சேராத கை 13,02,540, அதாவது பாதிக்கும் மேல். சம்பளத் தேதிக்கு முந்தைய வாரம் அறிந்தவருக்கு இது வியப்பளிக்காது. மூன்று சீட்டிலோ மொத்தமே 22,100 கை. அதில் ரன் 720, கலர் 1,096. முதல் சீட்டு இஸ்பேடு என்றால் மூன்றுக்கு இன்னும் இரண்டு இஸ்பேடு போதும், ஐந்துக்கு நான்கு வேண்டும். சீட்டு கூடக்கூடக் கலர் அருகுகிறது, ஆகவே விலை ஏறுகிறது.

அற்றேல், மூணு சீட்டில் எல்லாம் கணக்குப்படியே நடக்கிறதா எனின், அற்றன்று. இங்கேதான் இவ்வாய்வின் உயிர்நிலை. மூன்றும் ஒன்றான ட்ரையல் 52 விதமாக வரும். ஒரே கலரில் ரன் 48 விதமாகத்தான் வரும். இலக்கணப்படி 48 அன்றோ பெரிது? ஆனால் மூன்று ரெண்டை வைத்திருப்பவர் ஆஸ், ராஜா, ராணி மூன்றையும் இஸ்பேடில் வைத்திருப்பவரைச் சிரித்துக்கொண்டே சாய்க்கிறார். ஜன்னலோரப் பள்ளியார் இதனைப் புறனடை என்பர் (கடைசி வரிசை உரை, இரண்டாம் ஷிப்ட் பாடம்). நடுவழிப் பள்ளியார், மூவர் ஒரே முகத்தோடு வந்து நின்றால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை என்ற உலகியலை ஆதாரம் காட்டுவர் (டிபன்பை ஓரச்சுவடி, மூன்றாம் ஷிப்ட், சாம்பார் படிந்த பக்கம், மேலிருந்து இரண்டாம் கறை, ஒப்புநோக்குக: அதே சுவடியின் மழைக்காலப் பதிப்பு, அதில் கறை அழிந்துவிட்டதால் அதன் வடிவம் பற்றி அறிஞரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு). இரு பள்ளியாரும் தத்தம் கொள்கையை நாற்பது பக்கத்துக்கு விரிக்க வல்லவர்கள். 48ஐயும் 52ஐயும் எண்ணிப் பார்க்க இருவருக்கும் நேரம் வாய்த்ததில்லை. பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் பழகியவருக்கு இந்நிலை புதிதன்று. இன்னொன்றும் கண்டுபிடித்தோம். ஐந்து சீட்டில் ஃபுல் ஹவுஸ் 3,744. மூன்று சீட்டில் சாதாரண ஜோடியும் 3,744. எல்லைக்கு அப்பால் மாளிகை, இப்பால் ஜோடிச் செருப்பு. இதிலிருந்து இரண்டு தேசத்துக்கும் பொதுவான தொல்சீட்டு மரபு ஒன்றைக் கட்டியெழுப்பலாம். இரண்டுமே 13, 6, 48 மூன்றையும் பெருக்கினால் வரும் தொகை என்று யாரும் சொல்லாதவரை.

மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம், அதற்கு ஆய்வெதற்கு என்று கேட்பார் உளர். 1967இல் சத்யநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமையென்றும் மூணு சீட்டை முழு அதிர்ஷ்டமென்றும் பிரித்தது மெய். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியோடு போக்கரையும் திறமைப் பக்கம் உட்காரவைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் வைத்த இணைய ஆட்டம் கூடாது என்று இரண்டையும் எழுப்பிவிட்டது. இத்தனை தீர்ப்புக்கும் சட்டத்துக்கும் பிறகும் 48 நாற்பத்தெட்டாகவே இருக்கிறது. ஆடுவதற்குத் திறமை வேண்டுமா என்பது நீதிமன்றத்தின் பாடு. வரிசை அறிய எண்ணத் தெரிந்தால் போதும்.

முழங்காலில் விரித்த நாளிதழின் முன்னே புதிதாக உட்காருகிறவர் சீட்டைத் தொடுமுன், ‘மூணா, அஞ்சா?’ என்று கேட்டுக்கொள்க. கேட்காமல் கலரைப் பெருமிதத்தோடு கீழே போட்டால், அன்றைய டீ அவர் செலவு.