போக வர: தென்காசி வட்டாரத்தில் நெடுநாள் தங்குவோரின் வண்டிச் செலவு குறித்து ஓர் ஆய்வு

அமெரிக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறையும் குற்றாலத்தின் சீசனும் ஒரே நேரத்தில் வருவது தற்செயலா, தென்மேற்குப் பருவக்காற்றின் சூழ்ச்சியா என்பது தனி ஆய்வுக்குரியது. விளைவு மட்டும் கண்கூடு. ஆனி மாதத்தில் டல்லாஸிலிருந்தோ தோஹாவிலிருந்தோ ஒருவர் பெட்டிகளும் பிள்ளைகளுமாக வந்து இறங்குகிறார். ஆவணி பிறந்த பிறகே திரும்புகிறார். அவர் பிறந்தது சேலமாகவோ கும்பகோணமாகவோ இருக்கலாம். மனைவிக்குத் தென்காசிப் பக்கம். அவரை இக்கட்டுரை ‘அத்தான்’ என்று குறிக்கிறது. ஊரில் பாதிப் பேர் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மீதிப் பேர் வண்டி கிளம்பும்போது கூப்பிடுவார்கள்.

அத்தான் விமானம் ஏறுவதற்கு முன்பே ஓர் எக்செல் தாள் தயாராகிவிடும். அதில் ‘லோக்கல் டிராவல்’ என்று ஒரு வரி உண்டு. நாள் ஒன்றுக்கு இவ்வளவு கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு இவ்வளவு ரூபாய், பெருக்கு. லண்டனில் இந்தக் கணக்கு செல்லும். அங்கே ஒரு நாளைக்கு இன்ன தொகைக்கு மேல் பிடிக்கமாட்டோம் என்று ரயில், பஸ் கட்டணத்துக்கு உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் செல்லும், தூரம் கூடினால் கட்டணம் கூடும், அவ்வளவுதான். தென்காசி வட்டாரத்தில் வண்டிச் செலவைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, தண்ணீர் என்பதை நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் நில எல்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் பேரருவிக்கு 5 கிலோமீட்டர் சொல்லலாம். அங்கிருந்து ஐந்தருவிக்கு இன்னோர் 5. புலியருவி பக்கத்தில். சிற்றருவிக்கு நடந்தே போய்விடலாம். பழைய குற்றாலம் மட்டும் தனியே ஆயிரப்பேரிப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. செண்பகாதேவிக்கும் அதற்கு மேலே தேனருவிக்கும் வண்டி போகாது. ஆகவே அவை ஆய்வுக்கு அப்பாற்பட்டவை. மொத்தத்தில், நல்ல சைக்கிள் ஒன்றும் நல்ல முழங்கால் இரண்டும் இருந்தால் ஒரே காலையில் சுற்றிவிடக்கூடிய உலகம். இதற்குள் ஒருவர் எப்படி இவ்வளவு செலவழிக்க முடியும் என்பதே ஆய்வுச் சிக்கல்.

முன்னோர் சொன்னதைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் பேடெக்கர் கையேடுகள் ஐரோப்பிய நகரங்களுக்கெல்லாம் குதிரை வண்டிக் கட்டணத்தை அச்சிட்டுக் கொடுத்து, பயணியை வண்டிக்காரரிடமிருந்து காப்பாற்றின. குற்றாலம் அவற்றின் எல்லைக்குள் வரவில்லை. இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி, யாகோவ் ஸகாவியின் ஆய்வுகளை அடியொற்றி, மனிதர் எந்த நாட்டில் எந்த வண்டியில் போனாலும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரமே பயணத்துக்கு ஒதுக்குகிறார் என்று 1994இல் எழுதினார். சீசன் ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவி சாலையில் வேனுக்குள் உட்கார்ந்திருக்க அவருக்கு வாய்த்திருந்தால் அந்த விதிக்கு ஓர் அடிக்குறிப்பு சேர்த்திருப்பார்.

உள்ளூர்ச் சான்று இன்னும் பழையது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டிலேயே, அருவி நீர் எழும்பியதால் சூரியனின் தேரும் குதிரையும் வழுக்கியதாகக் குற்றாலக் குறவஞ்சியில் பதிவுசெய்திருக்கிறார். இதைக் கற்பனை நயம் என்று பாடம் நடத்துகிறார்கள். உண்மையில் இவ்வட்டாரத்தில் நீர்வரத்தால் ஏற்பட்ட போக்குவரத்துப் பாதிப்பு குறித்த முதல் அறிக்கை இது. பிற்காலத்தில் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்தபோது ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினார்கள். அவர்கள் கவிதை ரசித்ததைப் பற்றி ஏராளமாக எழுதியாயிற்று. வண்டிக்கு யார் கொடுத்தது என்று ஆராய ஒருவருக்கும் தோன்றவில்லை. தமிழ் ஆய்வுலகின் நாட்டம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதுவே போதும்.

இனித் தண்ணீர்க் கோட்பாடு. பேரருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று இருக்கிறது. ஊர்வழக்கில் ஆர்ச். ஆரியங்காவுக் கணவாய் வழியே மேகம் புகுந்து மலைமேல் கனமழை பெய்தால் தண்ணீர் அந்த ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டும். உடனே குளிக்கத் தடை. தடை விழுந்ததும் அத்தானின் எக்செல் தாளில் இல்லாத பயணங்கள் பிறக்கின்றன. பேரருவிக்குப் பேசி வந்த ஆட்டோ ஐந்தருவிக்குத் திரும்புகிறது. அங்கேயும் தடை என்றால் பழைய குற்றாலம். அங்கே போவதற்குள் அங்கேயும் கயிறு கட்டியிருப்பார்கள். “பாலருவிக்குப் போயிருவமா அண்ணாச்சி?” என்று ஓட்டுநர் கேட்பார். அது ஆரியங்காவில், கேரளத்தில் இருக்கிறது. குளிக்கக் கிளம்பியவர் இப்போது மாநிலங்களுக்கிடையிலான பயணி.

தண்ணீர் குறைந்தால் செலவும் குறையும் என்று ஒரு சாரார் வாதிடுவர். பொருந்தாது. தண்ணீர் நூலாக விழுகிற நாளில் “ஐந்தருவியில கொஞ்சம் பரவாயில்லையாம்” என்ற செய்தி எப்படியும் வந்து சேரும். வெள்ளமானால் தடையில்லாத இடத்தைத் தேடி அலைகிறோம், வறட்சியானால் ஈரத்தைத் தேடி. பட்ஜெட்டுக்குள் அடங்கும் ஒரே நிலை ஆர்ச்சுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் விழுவதுதான். அந்தச் செய்தி கிடைத்து நீங்கள் போய்ச் சேரும்போது கூட்டம் தாங்காது என்பதால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை.

இக்கோட்பாட்டின் கிளைக்கோட்பாடு, ஈரம். போகும்போது பயணி உலர்ந்தவர். டவுன் பஸ், மினி பஸ், ஷேர் ஆட்டோ எதிலும் ஏறும் தகுதி பெற்றவர். குளித்து முடித்த நொடியில் அந்தத் தகுதியை இழக்கிறார். தலையில் எண்ணெய், இடுப்பில் சொட்டும் துண்டு, கையில் பிழியாத துணிமூட்டை. பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைக்காரர் பார்க்கிற பார்வையை விட ஆட்டோக் கூலி மலிவு. ஆகவே போகும் செலவை இரண்டால் பெருக்கிப் போக வரச் செலவைக் கணிப்பது அடிப்படையிலேயே பிழை.

அதோடு குளித்தவருக்குப் பசிக்கும். குற்றாலக் குளியலின் பசி சாதாரணப் பசி அல்ல. அது வண்டியைச் செங்கோட்டைப் பக்கத்துப் பிரானூருக்குத் திருப்பும் பசி. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் – கொச்சியோடு இருந்ததால் பிரானூருக்கு இன்னும் பார்டர் என்றே பெயர். எல்லை போய்விட்டது, பரோட்டா நிற்கிறது. மொழிவாரி மாநிலச் சீரமைப்பால் நாடு அடைந்த பயன்களைப் பட்டியலிடுவோர் இதை விட்டுவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது இவ்வளவே: வீட்டிலிருந்து அருவிக்கும் அருவியிலிருந்து வீட்டுக்கும் ஒரு நேர்கோடு என்று அத்தான் வரைந்தது, நடைமுறையில் பிரானூரை மூன்றாம் முனையாகக் கொண்ட முக்கோணம். மூன்றாம் முனையில் காத்திருப்புக் கட்டணம் உண்டு. ஓட்டுநருக்கும் பரோட்டா உண்டு.

ஆட்டோக் கூலி எப்படி முடிவாகிறது என்பதை நேரில் கேட்டால்தான் விளங்கும்.

“ஐந்தருவிக்கு எவ்வளவுப்பா?”

“ஏறுங்க அண்ணாச்சி, நம்ம ஊருதான.”

“இல்ல, எவ்வளவுன்னு சொல்லு.”

“பாத்துக் குடுங்க.”

2013இல் சென்னைக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு கட்டணம் நிர்ணயித்தது. அது வெறும் எண். ‘பாத்துக் குடுங்க’ என்பதில் பொருளாதாரமும் அறவியலும் சேர்ந்திருக்கின்றன. இங்கே விலை சொல்ல வேண்டியவர் வாங்குபவர். குறைத்துச் சொன்னால் மனைவி ஊரில் மானம் போகும். கூட்டிச் சொன்னால் மனைவியிடம் போகும். அத்தான் கூட்டியே சொல்கிறார். இறங்கும்போது ஓட்டுநர் அந்தத் தொகையை எண்ணாமல் பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்தாலே எவ்வளவு கூட்டினார் என்பது தெரிந்துவிடும்.

மறுபுறம், பூஜ்யத்தில் முடியும் பயணங்களும் உண்டு. 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று நடத்துநர் கேட்பதில்லை. அத்தானின் மனைவியும் மகளும் அவர்கள் பாட்டுக்கு ஏறி, இலவசச் சீட்டை வாங்கிக்கொண்டு தென்காசிக்குப் போகிறார்கள், காசிவிசுவநாதரைக் கும்பிடுகிறார்கள், ஜவுளி எடுக்கிறார்கள். அங்கேதான் வினை. ஜவுளிப் பைகளோடு டவுன் பஸ்ஸில் ஏற முடியாது. திரும்பி வர ஆட்டோ. இலவசமாகப் போன பயணமே வீட்டுக்கு விலை உயர்ந்ததாக வந்து சேருகிறது. இதற்கு அரசைக் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் மேற்சொன்ன எல்லாவற்றையும்விட அதிகம் பிடிப்பது காசே வாங்காத வண்டி. “நம்ம கார் நிக்கும்போது வாடகை வண்டியா? கேட்டா என்ன நெனைப்பாங்க” என்று மாமா ஒரு வார்த்தை சொன்னதும் எக்செல் தாளில் ஒரு வரிக்குப் பூஜ்யம் விழும். அந்தப் பூஜ்யத்தை நம்பக் கூடாது. மாமாவின் கார் மாமாவின் ஊழ்வினைப்படி ஓடுவது. அருவிக்கு என்று கிளம்பினால் வழியில் இலஞ்சிக் குமாரர். அவரைப் பார்த்துவிட்டுப் பண்பொழித் திருமலையைப் பார்க்காமல் வந்தால் குற்றம். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில். இடையில் மாமாவுக்கு வங்கியில் ஒரு கையெழுத்து, மாமாவின் நண்பர் வீட்டில் துக்கம் விசாரிப்பு. நாள் முழுக்கச் சுற்றி ஆறு தெய்வங்களையும் ஒரு கிளை மேலாளரையும் தரிசித்தாயிற்று. தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. டீசலுக்குக் காசு நீட்டினால் மாமாவுக்குக் கோபம் வரும். ஆகவே அவர் டீ குடிக்க இறங்கும்போது அத்தான் ஓடிப்போய் டேங்க் நிரப்புகிறார். திரும்பி வந்து முள்ளைப் பார்க்கும் மாமா எதுவும் சொல்வதில்லை. மறுநாள் அச்சன்கோவில் போகலாம் என்பார்.

எஞ்சியிருப்பது திரும்பும் நாள். திருவனந்தபுரம் விமான நிலையம் தென்காசியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தென்மலை வழியாக இறங்கினால் பாதைகூட அழகு. அத்தான் குடும்பத்துக்கு ஒரு கார் போதும். ஆனால் வழியனுப்ப ஆள் வர வேண்டும் என்பதால் கார் வேனாகிறது. விமான நிலைய வாசலில் அழுகை, போட்டோ, டாட்டா எல்லாம் முடிந்ததும் வேன் தென்காசிக்குத் திரும்பும் என்று எண்ணுவது, இதுவரை சொன்ன எதையும் காதில் வாங்காதவர் எண்ணம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு பத்மநாபசாமியைப் பார்க்காமல் போவதா? பார்த்தபின் கோவளம். கோவளத்தில் பிள்ளைகள் கடலில் இறங்கும். மறுபடியும் ஈரம், மறுபடியும் பசி. ஒருவரின் உள்ளூர்ப் போக்குவரத்துச் செலவு ஏறிக்கொண்டிருக்க அவர் உள்ளூரில் இருந்தாக வேண்டியதில்லை. அரபிக்கடலுக்கு மேலே முப்பதாயிரம் அடி உயரத்தில் அவர் எக்செல் தாளை மூடிக்கொண்டிருக்கும்போதும் கீழே வேனுக்கு வெயிட்டிங் ஓடுகிறது. தோஹாவில் இறங்கிக் கைப்பேசியை உயிர்ப்பிக்கிறார். மச்சினனின் குரல்செய்தி காத்திருக்கிறது:

“அத்தான், நல்லபடியா எறங்கிட்டீங்களா? ஒண்ணுமில்ல, டிரைவர் பேட்டா நீங்க பேசினதுல சேர்த்தியா, தனியான்னு கேக்கச் சொன்னாவ.”