பழைய லென்ஸும் பினாங்கு வெயிலும்: கேள்வி–பதில்

கேள்வி: லோரோங் கூலிட் சந்தையில் பழைய 28 எம்எம் லென்ஸ் ஒன்று வாங்கினேன். பக்கத்துக் கடையில் 50 எம்எம் லென்ஸுக்கான உலோக ஹூட் கிடைத்தது. இரண்டுக்கும் 52 எம்எம் மரை. கச்சிதமாக ஏறுகிறது. போட்டுக்கொள்ளலாமா? (ஆயர் ஈத்தாம் வாசகர்)

பதில்: மரை பொருந்தும், படம் பொருந்தாது. 50 எம்எம் லென்ஸ் மூலைக்கு மூலை சுமார் 47 பாகை பார்க்கும். 28 எம்எம் பார்ப்பது 75 பாகை. முதலாவதற்காக நீளமாகச் செய்த குழாயை இரண்டாவதில் மாட்டினால் நான்கு மூலையிலும் அமாவாசைதான். நிக்கான் நிறுவனம் ஒரே 52 எம்எம் மரையில் தனித்தனி ஹூட் செய்தது இதற்காகத்தான்: 24 எம்எம் எஃப்2.8க்கு எச்என்-1, 28 எம்எம் எஃப்2.8க்கு எச்என்-2, 35 எம்எம் எஃப்2க்கு எச்என்-3.

சிக்கல் என்னவென்றால், எடுக்கும்போது இந்தக் கறுப்பு கண்ணில் படாது. பல எஸ்எல்ஆர் கேமராக்களின் வியூஃபைண்டர் முழுப் படத்தையும் காட்டுவதில்லை. நிக்கான் எஃப்எம் காட்டுவது 93 விழுக்காடுதான். அதோடு, வியூஃபைண்டரில் பார்க்கும்போது லென்ஸ் முழுதாகத் திறந்திருக்கும். அந்த நிலையில் மூலை லேசாக மங்குமே தவிர வெட்டுப்படாது. எஃப்11க்குச் சுருக்கிப் படம் எடுத்தால் கோடு போட்டது போல வெட்டு விழும்.

சோதிக்க ஒரு வழி உண்டு. ஃபிலிம் இல்லாத கேமராவின் பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் வைத்து அழுத்திப் பிடியுங்கள். லென்ஸை இன்ஃபினிட்டியில் வைத்து எஃப்11க்குச் சுருக்குங்கள். ஃபிலிம் சட்டத்தின் ஒரு மூலையில் கண்ணை வைத்து, அங்கிருந்து கோணலாக வானத்தைப் பாருங்கள். சின்ன வெளிச்சத் துளை ஒன்று தெரியும். அது முழுசாகத் தெரிந்தால் ஹூட் நல்ல ஹூட். ஒரு பக்கம் கடித்துவிட்ட மாதிரி தெரிந்தால் அதை உரிய 50 எம்எம் லென்ஸுக்கே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: வைட் ஆங்கிள் லென்ஸுக்கான குட்டையான ஹூட்டால் என்ன பயன்? பேசாமல் கழற்றி வைத்துவிடலாமே? (பட்டர்வொர்த் வாசகி)

பதில்: கூடாது. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பியடிக்கும். எஸ்எல்ஆருக்கான வைட் ஆங்கிள்களில் முன்னோடி, பிரான்ஸின் ஆஞ்செனியூ 1950இல் கொண்டுவந்த 35 எம்எம் ரெட்ரோஃபோக்கஸ். ஐந்து தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். காற்றைத் தொடும் பரப்புகள் பத்து. பூச்சே இல்லாமல் இப்படி ஒரு லென்ஸ் செய்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே சிதறும். அதில் ஒரு பகுதி உள்ளுக்குள் எதிரொளித்து ஃபிலிமில் படியும்போதுதான் கறுப்பு சாம்பலாகிறது, நிறம் வெளிறுகிறது.

1935இல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்த பூச்சு இதைப் பெருமளவு குறைத்தது. 1971இல் பென்டாக்ஸின் பல அடுக்குப் பூச்சு வந்தது. இடைப்பட்ட காலத்து லென்ஸ்களில் பெரும்பாலானவை ஒற்றைப் பூச்சு. சந்தையில் நம் கைக்கு வருபவை பெரும்பாலும் இவைதான். பினாங்கிலோ மேகம் மூடிய நாளில்கூட வானம் முழுக்க வெள்ளை வெளிச்சம். படத்துக்குள் வராத அந்த வானத்தைத் தடுப்பதுதான் ஹூட்டின் வேலை. சூரியனே படத்துக்குள் இருந்தால் எந்த ஹூட்டும் உதவாது.

கேள்வி: லெபோ குயின் மகாமாரியம்மன் கோயில் கோபுரத்தை 28 எம்எம்மில் எடுத்தேன். சரியான ஹூட்தான். அப்படியும் மேல்பாதி வெளிறிவிட்டது. ஏன்? (ஜெலுத்தோங் வாசகர்)

பதில்: எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. 1833இல் கட்டப்பட்ட அந்தக் கோயிலின் வாசல் ஏறக்குறைய கிழக்குப் பார்த்தது. காலையில் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து சிற்பங்கள்மேல் விழும், ஹூட் இல்லாமலே படம் பளிச்சென்று வரும். பிற்பகலில் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் போய்விடும். நடுப்பகல்தான் ஏமாற்றும். நாம் இருப்பது வடக்கே ஐந்தரைப் பாகைக்கும் குறைவான இடம். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் பகல் ஒன்றேகால் மணி வாக்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும்.

தெரு குறுகல் என்பதால் கேமராவை 30 பாகை அண்ணாந்து பிடிக்கிறோம். அப்போது உச்சி வெயில் லென்ஸ் பார்க்கும் திசைக்கு 60 பாகைச் சாய்வில் வரும். முன்கண்ணாடி 30 மில்லிமீட்டர், ஹூட்டின் வாய் 56, ஆழம் 12 என்று வைத்துக்கொள்வோம். ஹூட்டின் மேல் விளிம்பு தரும் நிழல் 21 மில்லிமீட்டர் கீழே இறங்கும். அதாவது கண்ணாடியின் மேல் கால்பங்குதான் நிழலில். மீதி முக்கால் பங்கில் வெயில் நேரடியாக அடிக்கும். ஹூட்டை நீட்டினால் மூலை போய்விடும். குறை ஹூட்டில் இல்லை, வைட் ஆங்கிளின் கணக்கே அப்படி.

வழி சுலபம். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இடது கையையோ தொப்பியையோ லென்ஸுக்கு மேலே நீட்டுங்கள். நிழல் கண்ணாடி முழுவதையும் மூடியதும் நிறுத்துங்கள். விரல் வியூஃபைண்டரில் தெரியாவிட்டாலும் படத்தில் வந்துவிடும், ஆகவே ஓர் அங்குலம் மேலேயே இருக்கட்டும். அதைவிட நல்லது, கடைவீடுகளின் காக்கி லீமாவுக்குள் ஓரடி உள்வாங்கி நின்று எடுப்பது. 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் எழுதிவைத்த அந்த ஐந்தடி நடைபாதையைவிடப் பெரிய ஹூட் எந்தக் கம்பெனியும் செய்ததில்லை.

கேள்வி: ஹூட்டுக்கு அடியில் யூவி ஃபில்டர் இருக்கலாமா? (பாயான் லெப்பாஸ் வாசகர்)

பதில்: 28க்குக் கீழே போனால் வேண்டாம். ஃபில்டரின் தடிமன் அளவுக்கு ஹூட் முன்னால் தள்ளப்படும், மூலைக்கு ஆபத்து. கண்ணாடிப் பரப்பும் இரண்டு கூடும்.

கேள்வி: பூச்சே இல்லாத காலத்தில் பினாங்கில் எப்படித்தான் படம் எடுத்தார்கள்? (புக்கிட் மெர்தாஜாம் வாசகி)

பதில்: அருமையான கேள்வி, ஏனென்றால் இதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன் 1862-63இல் பத்து மாதம் பினாங்கிலும் வெல்லெஸ்லி மாகாணத்திலும் தங்கிப் படம் எடுத்தார். சீனர்கள் அந்த வேலைக்கு வர மறுத்ததால் மெட்ராஸ்காரர்கள் இருவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்து உதவியாளர்களாக வைத்துக்கொண்டதாக 1875இல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார். ஈரத் தகடு காய்வதற்குள், லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டி வெளிச்சம் கொடுத்த காலம் அது. அந்நாளைய உருவப்பட லென்ஸ்கள் பலவற்றில் பித்தளை ஹூட் முன்னால் நீண்டிருக்கும். வைட் ஆங்கிள் லென்ஸ்கள் அப்போதே தொல்லை கொடுத்தன. 1860களில் அமெரிக்காவில் வந்த ஹாரிசனின் குளோப் லென்ஸ், படத்தின் நடுவில் வெளிச்சப் புள்ளி விழுவதற்காகவே பெயர் கெட்டது.

கேள்வி: தைப்பூச ரத ஊர்வலத்துக்கு ரப்பர் ஹூட்டா, உலோக ஹூட்டா? (ஜார்ஜ்டவுன் வாசகர்)

பதில்: ரப்பர். லெபோ பினாங்கிலிருந்து வெள்ளி ரதமும், 2017 முதல் லெபோ குயினிலிருந்து தங்க ரதமும் புறப்படும் வழியெல்லாம் மலைமலையாகத் தேங்காய் உடையும். ஓடு தெறிக்கும், இளநீர் சிதறும், கூட்டம் நெருக்கும். உலோக ஹூட் அடிபட்டால் நெளிந்து மரையில் சிக்கிக்கொள்ளும், ரப்பர் மடங்கி நிமிரும். மூன்று மடிப்பு ரப்பர் ஹூட் என்றால் வைட் ஆங்கிளுக்கு முழுதாக உள்மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் நம் ஊர்ச் சூட்டில் வெடிக்கும், வாங்குமுன் விரலால் இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: எல்லாம் செய்தும் படம் பனி மூடியது போலவே இருக்கிறதே? (நிபோங் திபால் வாசகர்)

பதில்: இருட்டறையில் கைப்பேசி டார்ச்சை லென்ஸின் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து, முன்னாலிருந்து பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை. முழுக்கப் பால் நிறமாகத் தெரிந்தால் உள்ளே படலம். இரண்டுக்கும் ஹூட் மருந்தல்ல. லென்ஸைப் பிரித்துத் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். திரும்பி வந்ததும் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கும் டிரை கேபினெட்டில் வையுங்கள், தோல் உறைக்குள் மட்டும் வேண்டாம்.