ரூமுக்கு ஒரு இசையமைப்பாளர்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டைச் சுற்றியுள்ள பேச்சுலர் ரூம்களில் ஆறு பேர் இருந்தால், ஒருவர் சமைப்பார், ஒருவர் கைமாற்று கேட்பார், ஒருவர் குரூப் ஃபோருக்குப் படிப்பார். இப்போதெல்லாம் ஒருவர் இசையமைக்கவும் செய்கிறார்.

ஆள் டிப்ளமோ மெக்கானிக்கல். ஊர் செய்யாறு பக்கமோ திண்டிவனம் பக்கமோ இருக்கும். ஷிப்டில் கார் கதவுக்கு ரப்பர் பீடிங் மாட்டுகிறார். ரூமில் அவருக்கு மாஸ்ட்ரோ என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

முதல் முதலீடு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப். அதில் எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருள். பெல்ஜியத்துக்காரர்கள் தொண்ணூறுகளின் கடைசியில் ஃப்ரூட்டிலூப்ஸ் என்று பேர் வைத்து விட்ட சரக்கு இது. கெல்லாக்ஸ் கம்பெனியின் காலைத் தீனிப் பெயரோடு முட்டிக்கொண்டதால் 2003-ல் பேரை மாற்றினார்கள். திறந்தால் வரிசைக்கு 16 கட்டம். எந்தக் கட்டத்தைத் தட்டுகிறோமோ அந்த இடத்தில் டிரம் விழும். 1, 5, 9, 13 ஆகிய நான்கையும் தட்டிவிட்டால் ‘தும் தும் தும் தும்’ என்று கல்யாண மண்டபமே எழுந்து நிற்கும். இதைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் மனிதர் கெட்டுப்போகிறார்.

காசு கட்டாத சோதனைப் பதிப்பில் எல்லா வேலையும் செய்யலாம், சேமித்தும் வைக்கலாம். சேமித்ததைத் திரும்பத் திறக்க மட்டும் முடியாது. ஆகவே மாஸ்ட்ரோ லேப்டாப்பை அணைப்பதே இல்லை. பாட்டைத் திறந்தபடி விட்டு, ‘உள்ளே பாட்டு இருக்கு, மூடாதீங்க’ என்று சீட்டு ஒட்டிவிட்டு பஸ் ஏறுவார். அந்த லேப்டாப்பில் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது; பிளக்கில்தான் உயிர். ரூமில் இருப்பதோ ஒரே பிளக் பாயின்ட். சமையல்காரர் சாதம் வைக்கக் குக்கர் வயரைச் சொருகிய தினங்களில் எத்தனையோ பாட்டுகள் காற்றோடு கலந்துவிட்டன. அவற்றில் ஒன்றாவது ஹிட்டாகியிருக்கும் என்பது மாஸ்ட்ரோவின் துணிபு. நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

அடுத்து, ஒரு மாச ஓவர்டைம் காசில் 25 கட்டை மிடி கீபோர்டு ஒன்று வந்தது. பார்சலைப் பிரித்ததும் ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். குவாலிட்டியில் வேலை செய்பவர் முதல் கட்டையை அழுத்தினார். சத்தம் வரவில்லை. எல்லாக் கட்டைகளையும் அழுத்திப் பார்த்தார்.

“டிஃபெக்ட் பீஸ் மச்சி. ரிட்டர்ன் போட்டுடு.”

“இதுல சத்தமே வராதுடா. இது சேதி மட்டும்தான் அனுப்பும். எந்தக் கட்டை, எவ்ளோ அழுத்தி அடிச்சோம், எப்ப கையை எடுத்தோம். அதை வாங்கி லேப்டாப்தான் வாசிக்கும்.”

“சத்தம் வராத பொட்டிக்கா இவ்ளோ காசு?”

மிடி என்பதை ரூமுக்குப் புரியவைக்க மாஸ்ட்ரோ கடைசியில் தொழில் பாஷைக்கு இறங்கினார். “எம்8 போல்ட்டை எந்தக் கடையில வாங்கினாலும் எம்8 நட்டுல ஏறுதுல்ல? அந்த மாதிரி, எந்தக் கம்பெனி கீபோர்டும் எந்தக் கம்பெனி கம்ப்யூட்டரோடயும் பேசும்.” நான் படித்த விளக்கங்களில் இதைவிடச் சுருக்கமானதைப் பார்த்ததில்லை. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனியைத் தொடங்கிய இகுடாரோ ககேஹாஷியும் முன்னின்று, போட்டிக் கம்பெனிகளை ஒரே பேச்சுக்குக் கொண்டுவந்தார்கள். 1983-ல் இரண்டு வேறு கம்பெனிக் கருவிகளை வயரால் இணைத்துக் காட்டினார்கள். அதற்கு 2013-ல் இருவருக்கும் டெக்னிக்கல் கிராமி கிடைத்தது. கட்டைக்கு 0 முதல் 127 வரை நம்பர், அழுத்தத்துக்கும் 127 வரை. மாஸ்ட்ரோ எதை அடித்தாலும் 127தான்.

அதே ககேஹாஷியின் கம்பெனி 1980-ல் விட்ட 808 டிரம் மெஷின், நிஜ டிரம் போல ஒலிக்கவில்லை என்று விலை போகாமல் சில வருஷத்தில் நின்றுவிட்டது. பழைய சாமான் விலைக்கு வாங்கிய அமெரிக்க இளைஞர்கள் அதன் அடிவயிற்றுச் சத்தத்தில்தான் ஹிப்ஹாப்பை வளர்த்தார்கள். மாஸ்ட்ரோவும் எல்லாவற்றிலும் 808 போடுவார். “808னா எந்த ரூட்டு?” என்று கேட்ட ஒருவரோடு இன்றுவரை பேச்சு இல்லை. வீட்டுக்காரம்மா மட்டும் இரவு பதினோரு மணிக்கு மாடியேறி வந்து, “தம்பி, யாருப்பா மோட்டார் போட்டு விட்டது? டேங்கு வழியப் போவுது” என்பார்.

ரகுமான் ராத்திரியில்தான் வேலை செய்வார் என்பது மாஸ்ட்ரோவுக்கு வேதவாக்கு. ஏ ஷிப்ட் வாரத்தில் ராத்திரி இசை. சி ஷிப்ட் வாரத்தில் வேறு வழியில்லாமல் பகல் இசை. மற்ற ஐந்து பேரின் தூக்கம் இந்தக் கால அட்டவணைக்குள் எங்காவது இருக்கும். 1986-ல் புன்னகை மன்னனுக்கு இளையராஜா கணினியை வைத்து இசையமைத்த கதையை, தண்ணி கேன் போட வந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். ரூமில் இருக்கும் ராஜா ரசிகர் ஒருநாள் பொறுமை இழந்தார். “அவரு பேப்பர்ல எழுதிட்டு மெஷின்கிட்ட கொடுத்தாரு. நீ மெஷின்கிட்ட கேட்டுட்டு பேப்பரைத் தேடுற.”

கறுப்புக் கட்டைகளின் மேல் மாஸ்ட்ரோ ரொம்ப நாள் கை வைக்கவில்லை. வெள்ளையிலேயே காலம் ஓடியது. புதிதாக வந்த நாகர்கோவில் தம்பி, சர்ச்சில் வாசித்துப் பழகியவன், மூன்று கறுப்புகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதலாவதை ஸா என்று வைத்துக்கொண்டு கறுப்பில் மட்டுமே விரலை ஓட்டினான். மோகனம்! அன்றைக்கு மாஸ்ட்ரோ சாப்பிடவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். ஆளுக்குக் காது உண்டு. சில ஆலைகளில் லைனில் சிக்கல் என்றால் ஆண்டான் கயிற்றை இழுப்பார்கள். விளக்கு எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும். ஏரியாவுக்கு ஒரு மெட்டு. அதை வைத்தே லைன் லீடர் எங்கே ஓடவேண்டும் என்று தெரிந்துகொள்வார். லைனுக்குள் செல்போன் ஆகாது. தன் ஏரியா மெட்டை மாஸ்ட்ரோ எட்டு மணி நேரம் காதிலேயே வைத்திருந்து, ரூமுக்கு வந்து சுரம் பிசகாமல் கட்டையில் எடுத்தார். அதற்கடியில் 808. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ரேஸ் டிராக் மதிலோரம் நின்று பிடித்த பைக் உறுமல் அதற்கு மேல். ஆயுத பூஜையன்று, மாலை போட்ட மெஷின்களுக்கு நடுவே, சுண்டல் கொடுக்கும் நேரத்தில் ஸ்பீக்கரில் போட்டார்கள். லைன் லீடர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்தடி ஓடிவிட்டார். லைன் நின்றிருப்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. என்னைக் கேட்டால், ஒரு இசை கேட்பவரை எழுப்பி ஓடவைத்தது என்றால் அது வெற்றிதான்.

ஆனால் அந்தப் பாட்டு எட்டு பார்தான், அதாவது எட்டுத் தாளச் சுற்று. அவருடைய எல்லாப் பாட்டும் எட்டு பார்தான். வேகமும் மென்பொருள் தானாகக் காட்டும் நிமிஷத்துக்கு 130 அடி. அந்தக் கணக்கில் எட்டு பார் என்பது முழுசாகப் பதினைந்து வினாடிகூட வராது. திருப்பித் திருப்பி ஓடவிடுவது மெஷினுக்குச் செலவில்லாத வேலை. பல்லவிக்குப் பிறகு எங்கே போவது என்பதை மனிதன்தான் யோசிக்கவேண்டும். அந்த இடம் வந்ததும் மாஸ்ட்ரோ புது ஃபைல் திறந்துவிடுகிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ரூமிலும் இப்படி ஒருவர் இருந்து, ஹெட்போனை உங்கள் தலையில் மாட்டி “எப்பிடி இருக்கு?” என்றால், “சூப்பர் மச்சி” என்று மட்டும் சொல்லாதீர்கள். பாதிப் பாட்டுகள் அந்தச் சூப்பரில்தான் நின்றுபோகின்றன. “சரணம் எப்ப வரும்?” என்று கேளுங்கள். முறைப்பார். இரண்டு நாள் பேசமாட்டார். பரவாயில்லை. அந்த இரண்டு நாளில் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி, குக்கருக்குத் தனியாக ஒரு பிளக் பாயின்ட் வாங்கிவிடுங்கள்.