இரண்டாம் இடத்துக்கு இத்தனை அடிதடி

2021 பிப்ரவரி 7. ஈக்வடார் அதிபர் தேர்தலில் முதலிடம் ஆந்த்ரெஸ் அராவ்ஸுக்கு. அதில் தகராறே இல்லை. இரண்டாம் சுற்றில் அவரோடு மோதப்போவது யார் என்பதில்தான் இழுபறி. அன்றிரவு மாதிரிக் கணிப்பில் யாக்கு பெரஸ் நூலிழை முன்னே. கொண்டாட்டம்! பிறகு பாக்கிப் பெட்டிகள் ஆடி அசைந்து வர, கியேர்மோ லாசோ முந்தினார். புள்ளிக்கு அப்பால் இருக்கும் இலக்கம் மாறுகிறதா என்று நாடே கண்கொட்டாமல் பார்த்தது. மறுஎண்ணிக்கைக்கு இருவரும் தலையாட்டினார்கள். சீக்கிரமே பேச்சும் முறிந்தது. பெரஸ் ஆட்கள் தலைநகர் கீட்டோவுக்கு நடையைக் கட்டினார்கள். முடிவை அறிவிக்க இரண்டு வாரம்: லாசோ 19.74 சதவீதம், பெரஸ் 19.39. ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாத அந்த இரண்டாமவர்தான் ஏப்ரல் 11-இல் இரண்டாம் சுற்றில் வென்று அதிபரானார். அந்தச் சுற்றில் செல்லாத ஓட்டு மட்டும் 16 சதவீதம்.